ஆச்சி அறை ஃபேனும் கரண்ட் பில்லும்: மாற்றலாமா, வேண்டாமா?

கேள்வி: சுரண்டை வாசகர், 6 ஏப்ரல் 2024

கடைக்குப் போனால் எல்லாரும் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) வாங்கு என்கிறார்கள். ஒன்று 3000 ரூபாய் சொல்கிறார்கள், சாதா ஃபேன் அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எனக்கு இது வெறும் வியாபாரம் என்றுதான் படுகிறது. ஆளில்லாத அறையில் லைட்டை அணைத்தாலே பில் குறைந்துவிடாதா? ஃபேன் அப்படி என்ன பெரிதாக இழுத்துவிடப் போகிறது? மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

6 ஏப்ரல் 2024, இரவு

அண்ணாச்சி, நான் மாற்றிப் பார்த்தவன். முக்கூடலில் எங்கள் வீட்டில் மாசி மாதம் ஒரு ஃபேனை மாற்றினோம், ஆச்சி அறையில். லைட்டை அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் நம் ஊரில் பில்லை ஏற்றுவது ஃபேன். குண்டு பல்பு எரிந்த காலத்தில் நீங்கள் சொல்வது சரி, 60 வாட் பல்பு நாலு எரிந்தால் ஃபேனை விட அதிகம் இழுக்கும். இப்போது அந்த இடத்தில் 9 வாட் எல்ஈடி எரிகிறது. வீடுகளில் ஓடும் பழைய ஃபேன் மட்டும் நம் தாத்தா காலத்து 75, 80 வாட்டிலேயே நிற்கிறது. அதுவும் லைட் மாதிரி மாலை ஆறு மணிக்குப் போட்டு பத்து மணிக்கு அணைக்கிற சாமான் இல்லை. பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டில் ஆச்சி அறை ஃபேன் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடுகிறது, மதியம் அவர்கள் திண்ணைக்குப் போய் உட்காரும் நேரம்தான் அதற்கு ஓய்வு.

கணக்கு எளிது. பழைய சாதா ஃபேன் 75 வாட், புதியது 30 வாட். மிச்சம் 45 வாட். 18 மணி நேரம், 60 நாள். மொத்தம் 48 யூனிட்டுக்கு மேல். எங்களுக்கு இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுவதால் அந்த யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்குக் குறையாது. ஒரு பில்லுக்கு 390 ரூபாய் வருகிறது. எட்டு பில்லில் ஃபேன் காசு திரும்பிவிடும், ஒன்றரை வருடம்கூட ஆகாது. தைரியமாக வாங்குங்கள்.

7 ஏப்ரல் 2024

நேற்று எழுதிய 75, 30 எல்லாம் பெட்டியில் அச்சடித்த எண்கள். பெட்டியை நம்பிப் பேசுவது எனக்கே உறுத்தியதால் இன்று காலையில் மீட்டரை வைத்து அளந்தேன். காசு செலவில்லை, செல்போனில் விநாடி பார்க்கத் தெரிந்தால் போதும்.

இபி மீட்டர் முகப்பில் சிவப்பாக ஒரு புள்ளி சிமிட்டும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் இருக்கும். 3200 என்றால் அது அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜ், டிவி உட்பட எல்லாப் பிளக்கையும் பத்து நிமிடம் பிடுங்கிவிட வேண்டும். அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். மீட்டரில் 1600 இருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும். ஒரு சிமிட்டலோடு நிறுத்தாமல் ஐந்து ஆறு பார்த்துச் சராசரி எடுங்கள், அப்போதுதான் சரியாக வரும்.

மச்சில் (மாடியில்) மாட்டியிருக்கும் பழைய ஃபேன் (ஆச்சி அறையிலிருந்து கழற்றியது), முழு வேகம்: 15 விநாடி. 75 வாட். அட்சரம் பிசகவில்லை.

ஆச்சி அறை புது ஃபேன், முழு வேகம்: 37 விநாடி. 30 வாட்.

அடுத்த சிமிட்டலுக்காகத் தார்சாவில் (வீட்டு முன்பக்க நடையில்) நின்றுகொண்டு 37 விநாடி காத்திருப்பது எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா! தலைக்கு மேலே காற்று வருகிறது, மீட்டர் பேசாமல் இருக்கிறது.

9 ஏப்ரல் 2024

அளக்க ஆரம்பித்த பிறகு விட மனமில்லை. வீட்டிலுள்ள மற்றவை:

பட்டாசல் (கூடம்) ஃபேன், கருத்துப் போன பழையது: 14 விநாடி, 80 வாட்.

சோக் வைத்த டியூப் லைட்: 21 விநாடி. 53 வாட். டியூப்பில் 40 என்றுதான் போட்டிருக்கிறது, மீதியைச் சூடாக்கித் தின்பது சோக். விரலை வைத்தால் சுடுகிறது. பட்டாசலில் ஒன்று, அடுக்களையில் ஒன்று இருக்கிறது.

2011இல் அரசு தொடங்கிய திட்டத்தில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த டேபிள் ஃபேன்: 22 விநாடி, 51 வாட். இன்னும் ஓடுகிறது.

அப்புறம் ஆச்சி அறையில் ராத்திரி எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பேர்தான் ஜீரோ வாட். 80 விநாடியில் மீட்டர் சிமிட்டியது, அதாவது 14 வாட். சக்கரம் சுற்றும் பழைய மீட்டரில் அதை மட்டும் போட்டால் சக்கரம் அசைவதே தெரியாது, அதனால் ஜீரோ என்று பேர் வந்தது என்பார்கள். ராத்திரி ஒன்பது மணி நேரம் எரிகிறது, இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். அரை வாட் எல்ஈடி ஒன்றை வாங்கி இன்றே மாற்றிவிட்டேன். சிவப்பே வேண்டும் என்று ஆச்சி சொன்னதால் சிவப்பு.

இன்னொன்று. அளந்து முடித்து, பிடுங்கி வைத்திருந்த பிளக்குகளை (ஃப்ரிட்ஜ் தவிர) மாட்டிய பிறகு, எல்லாவற்றையும் அணைத்திருந்தும் 75 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டிக்கொண்டே இருந்தது. முதலில் கசிவோ என்று பயந்தேன். தேடிப் பார்த்தால் டிவி அணைந்திருக்கிறது, செட்டாப் பாக்ஸ் எரிகிறது. கூட இணைய மோடம். இரண்டும் சேர்ந்து 15 வாட், அதில் செட்டாப் பாக்ஸ் மட்டும் 10. யாரும் பார்க்காத நேரத்தையும் சேர்த்து அது ஒன்றே இரண்டு மாதத்தில் 14 யூனிட். நான் ஒவ்வொரு லைட்டாக ஓடி ஓடி அணைத்த வருடங்களில் இது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

14 ஏப்ரல் 2024, சித்திரை விசு

அத்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். பேச்சு இதில் வந்து விழுந்தது. "மெதுவா வச்சா கரண்டும் கம்மியாத்தானே ஓடும், எதுக்கு மாத்துனிய?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன், சுவரில் பெட்டி மாதிரி பெரிதாக இருக்கும் பழைய ரெகுலேட்டரில் மெதுவாக வைத்தாலும் மிச்சம் ஒன்றும் கிடையாது, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கரண்டைச் சூடாக மாற்றிவிடும், ஃபேனுக்குக் கொடுக்காததைச் சுவருக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று. இங்கே படிப்பவர்களுக்கும் அதுவே. பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை.

15 ஏப்ரல் 2024

நேற்று எழுதியது பாதிதான் சரி. மச்சில் இருக்கிற ஃபேனுக்குப் பெட்டி ரெகுலேட்டர்தான். அளந்தேன். ஐந்தில் 15 விநாடி (75 வாட்), இரண்டில் 19 விநாடி (59 வாட்), ஒன்றில் 22 விநாடி (51 வாட்). ஆக, மிச்சமே இல்லை என்று சொன்னது தப்பு. ஆனால் ஒன்றில் வைத்தால் இறக்கைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது, அதற்கு 51 வாட் கொடுப்பது அநியாயம்.

அதே ஃபேனுக்குச் சுவிட்ச் அளவில் இருக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை மாட்டச் சொன்னேன், உள்ளே கெப்பாசிட்டர் இருக்கும் வகை. எங்கள் தெரு எலெக்ட்ரீசியன் தம்பி பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டான். இப்போது இரண்டில் 40 விநாடி, 28 வாட். ஒன்றில் 60 விநாடி, 19 வாட்கூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இரண்டில் வைத்துப் படுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ரெகுலேட்டர் விலை 300 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். "அப்ப நான் சொன்னதுல பாதி சரிதானே" என்றார்கள். சரிதான்.

21 ஏப்ரல் 2024

சுரண்டை அண்ணாச்சி தன் வீட்டு பில்லைச் சொல்லியிருக்கிறார்: இரண்டு மாதத்துக்கு 190 யூனிட். கணவன், மனைவி, ஒரு பிள்ளை, மூன்று ஃபேன்.

இது தெரியாமல் முதல் நாள் நான் "தைரியமாக வாங்குங்கள்" என்றேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், 2016இலிருந்து அப்படித்தான். 500க்குள் இருக்கும் வீட்டுக்கு 101இலிருந்து 200 வரை 2022 செப்டம்பர் விலைப்படி யூனிட் இரண்டேகால் ரூபாய். அவருக்கு 48 யூனிட் மிச்சமானால் ஒரு பில்லுக்கு 110 ரூபாய்கூட வராது. 3000 ரூபாய் திரும்ப 27 பில்லுக்கு மேல் ஆகும், நாலரை வருடம் தாண்டிவிடும். அதுவும் ஃபேன் 18 மணி நேரம் ஓடினால்! அவர் வீட்டில் பகலில் ஆளே இல்லை, எட்டு மணி நேரம் ஓடினால் அதிகம். பத்து வருடக் கணக்கு. அதற்குள் உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு ஒரு தடவை போனால் கணக்கே மாறிவிடும்.

அண்ணாச்சி, உங்களுக்கு நான் சொல்வது வேறு. ஓடுகிற ஃபேனைக் கழற்றாதீர்கள். பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் அதை மாற்றுங்கள். ஃபேன் காற்றே வரவில்லை என்றால் கெப்பாசிட்டர் இளைத்திருக்கும், இரண்டரை மைக்ரோஃபாரட் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் ஏற்கெனவே இருப்பதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குவது நல்லது. இறக்கையின் முன் ஓரத்தில் படிந்திருக்கும் கருப்பை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு ஃபேன் எரிந்து போனால், ரீவைண்டிங் பண்ணாமல் அன்றைக்கு பிஎல்டிசி வாங்குங்கள். ரீவைண்டிங் செய்த ஃபேன் பல சமயம் முன்னை விட அதிகமாகவே இழுக்கிறது, எங்கள் பட்டாசல் ஃபேன் 80 வாட் காட்டுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், இரண்டு முறை சுற்றியது.

4 மே 2024

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் தொடக்கம். மதியம் ஒன்றரை மணிக்கு ஆச்சி அறைக்குப் போனால் ஃபேன் நிற்கிறது. கட்டிலில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார்கள். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை.

"நீ ராவும் பகலும் மீட்டரு முன்னால நிக்க. நா வேற எதுக்கு பில்லத் தூக்கிவிடணும்னு அணைச்சிட்டேன்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. 81 வயது. பாபநாசத்தில் 1944இல் மின்நிலையம் வந்த பிறகும் இந்தத் தெருவில் ராந்தலும் சிம்னியும் எரிந்த வருடங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், கரண்ட் என்றாலே சிக்கனம் என்று வளர்ந்தவர்கள். நான் அளந்தது அவர்கள் காற்றை அளப்பதற்கா? புது ஃபேன் 30 வாட் என்றால் அதற்கு அர்த்தம், ஆச்சி அதைப் பகல் பூராவும் போட்டுக்கொள்ளலாம் என்பது. ஒரு மணி நேரத்துக்கு 25 காசுகூட ஆகாது என்று சொன்னேன். காசில் சொன்னதும்தான் போட்டார்கள்.

வயதானவர்களுக்கு வெக்கை ஆபத்து, தாகம் தெரியாது, வியர்வையும் சரியாக வராது. இந்த இழையில் யார் எதைச் செய்தாலும், வீட்டுப் பெரியவர்கள் காதுபட "கரண்ட் பில், கரண்ட் பில்" என்று பேசாதீர்கள். அவர்கள் முதலில் தங்கள் பங்கைத்தான் குறைப்பார்கள்.

5 மே 2024

நேற்றையதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் "அறை குளிரட்டும்" என்று ஃபேன் போட்டு வைப்பது வீண். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, நம் மேல் இருக்கும் வியர்வையை உலர்த்துகிறது, அந்தக் குளிர்ச்சிதான். ஆள் இல்லை என்றால் மோட்டார் சூடு ஒரு துளி கூடுவதுதான் மிச்சம்.

19 மே 2024

இன்று மைனி (அண்ணன் மனைவி) விஷயம். மைனி பீடி சுற்றுகிறார்கள், எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் கைத்தொழில். மடியில் சொளகு (முறம்), அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் நனைத்த இலை. ஃபேனை வைத்தால் தூள் பறக்கும், நனைத்த இலையும் காய்ந்து முறியும். அதனால் அக்னி நட்சத்திரத்திலும் ஃபேனை ஒன்றில் வைத்துக்கொண்டு அவிந்துகொண்டே சுற்றுவார்கள். வெளிச்சமும் போதாது, டியூப் லைட் எட்டடி மேலே அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அவர்கள் நிழலே சொளகில் விழும். இந்த இடத்தை நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை, அளந்த பட்டியலில் மைனி உட்காரும் மூலை இல்லவே இல்லை.

செய்தது: உட்காரும் இடத்துக்கு இடது கைப்பக்கமாக, தரையிலிருந்து நாலடி உயரத்தில் 5 வாட் எல்ஈடி பல்பு ஒன்று, தொப்பி போட்டு, கண்ணில் அடிக்காமல். வலது கையால் கத்தரி பிடிப்பதால் நிழல் அந்தப் பக்கம் போய்விடுகிறது. வெள்ளை வெளிச்சம் வேண்டாம், இலையின் நரம்பு தெரியவில்லை என்றார்கள், மஞ்சளுக்கு மாற்றினோம். இப்போது மைனி சுற்றும் நேரம் பெரிய டியூப் எரிவதில்லை. 53 வாட் இருந்த இடத்தில் 5 வாட், வெளிச்சமும் கூடுதல். வேலை நடக்கிற இடத்துக்கு விளக்கைக் கொண்டுபோவது என்பது இதுதான். தையல் மிஷின் வைத்திருப்பவர்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், எல்லாரும் செய்யலாம்.

காற்றுக்கு: அந்த டேபிள் ஃபேனை அவர்கள் முதுகுப் பக்கம் தரையில் வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பினோம். சுவரில் பட்டுத் திரும்பும் காற்று கழுத்தில் படுகிறது, சொளகுக்கு வரவில்லை. 51 வாட் போனால் போகட்டும், மைனி இந்த வருடம்தான் மதியம் நெற்றியைத் துடைக்காமல் சுற்றுகிறார்கள்.

20 மே 2024

பட்டாசல் ஃபேனும் மாற்றியாயிற்று. இரண்டு டியூப்பையும் எடுத்துவிட்டு 20 வாட் எல்ஈடி பட்டி (டியூப் மாதிரி நீள விளக்கு) இரண்டு. வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காதீர்கள், லூமன் (வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு என்று பெட்டியில் இருக்கும், 20 வாட்டுக்கு 2000 பக்கம் இருந்தால் நல்லது. ஃபேனிலும் அப்படித்தான்: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று போட்டிருப்பார்கள், 48 அங்குல ஃபேனுக்கு 210க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாட் குறைவாக இருந்து காற்றும் குறைவாக இருந்தால் என்ன லாபம்? நட்சத்திரக் குறி 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்குக் கட்டாயம், காற்றை வாட்டால் வகுத்துத்தான் அந்த நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

பட்டாசல் கூரை மரக்கட்டை போட்ட பழைய மச்சு, பதினொன்றரை அடி உயரம். பழைய ஃபேன் உச்சியில் ஒட்டிக்கொண்டு சுற்றியது. இந்த முறை நீளக் குழாய் வாங்கித் தரையிலிருந்து எட்டடியில் இறக்கினோம். ஃபேன் மாறியதை விட, இறங்கியதில்தான் காற்று கூடியது என்று அம்மா சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கழற்றிய டியூப்களை உடைத்து வாய்க்கால் ஓரம் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

2 ஜூன் 2024

தென்காசியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், எல்ஈடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறதே என்று. எங்கள் வீட்டிலும் இரண்டு இடத்தில் நடந்தது, காரணம் வேறு வேறு.

ஒன்று, சுவிட்சில் சின்னதாகச் சிவப்பு விளக்கு இருக்கும் வகை. அந்தச் சின்ன விளக்கு வழியாகக் கசியும் துளி கரண்ட் குண்டு பல்பை ஒன்றும் செய்யாது, எல்ஈடிக்குப் போதும். சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாவது ஆபத்தானது. எங்கள் வளவில் மரப்பட்டைக்குள் ஒயர் ஓடும் பழைய வயரிங். ஒரு சுவிட்ச் ஃபேஸை (கரண்ட் வரும் கம்பி) அறுக்காமல் நியூட்ரலை (திரும்பிப் போகும் கம்பி) அறுத்துக்கொண்டிருந்தது. அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பைக் கழற்றுபவர் கதி என்ன? குண்டு பல்பு இருந்தவரை முப்பது வருடமாக யாருக்கும் தெரியவில்லை, எல்ஈடி மினுக்கியதால் தெரிந்தது. உங்கள் வீட்டில் மினுக்கினால் பல்பு தரமில்லை என்று திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், டெஸ்டரோடு ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

17 ஜூலை 2024

கட்டணம் மறுபடி ஏறிவிட்டது, ஜூலை 1 முதல், 4.83 சதவீதம். 100 யூனிட் இலவசம் அப்படியே இருக்கிறது.

இதை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். பலரும் 500 யூனிட் எல்லையை ஒரு படி என்றுதான் நினைக்கிறார்கள், தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று. அப்படி இல்லை. தாண்டினால் 101இலிருந்து 200 வரை இருந்த சலுகையும் போய்விடும். 2022 விலையிலேயே கணக்குப் பாருங்கள்: 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! விலை ஏறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. 480, 520 என்று ஊசலாடும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஜீரோ வாட் பல்பும் செட்டாப் பாக்ஸும்கூட 300 ரூபாய் சாமான். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை நீங்களே ஒரு தடவை பாருங்கள்.

11 ஆகஸ்ட் 2024

ஜூன், ஜூலை ரீடிங் வந்துவிட்டது. போன வருடம் இதே இரண்டு மாதம் 548. இந்த வருடம் 431.

ஆச்சி அறை ஃபேன் 48, பட்டாசல் ஃபேன் (பன்னிரண்டு மணி நேரம்) 36, டியூப் இரண்டும் சேர்ந்து 20 பக்கம், ஜீரோ வாட் 7, செட்டாப் பாக்ஸை டிவி பார்க்கும் நேரம் மட்டும் போடுவதால் 11. கூட்டினால் 122. வந்திருப்பது 117. ஐந்து யூனிட் எங்கே போனது என்று கேட்டால், ஆச்சி இப்போது ஃபேனைப் பயமில்லாமல் போடுகிறார்கள். போகட்டும். 2022 விலையில் பார்த்தால் 2334 ரூபாய் இருந்த இடத்தில் 1311. இரண்டு ஃபேன், இரண்டு பட்டி, சில்லறை எல்லாம் சேர்ந்து 7500 ரூபாய்க்குள் ஆனது.

இந்த மாதத்தில் ஃபேனைப் பற்றிப் பேசுவதே ஒரு மாதிரி இருக்கிறது. தென்காசிப் பக்கம் சாரல், குற்றாலத்துக்குப் போகிறவர்கள் சட்டை நனைந்து வருகிறார்கள். இங்கே சாரல் இல்லை, வெறும் காற்று, கதவை அறைந்து சாத்துகிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை எல்லாம் இரவும் பகலும் சுற்றுகிறது. நமக்கு ஃபேனே தேவைப்படாத மாதத்தில் கரண்ட் கொட்டுகிறது, சித்திரையில் நாம் அவியும்போது அதே காற்றாலை சும்மா நிற்கிறது. சன்னலைத் திறந்து வைத்தாலே போதும் என்கிற இந்த இரண்டு மாதத்தில், எதிரெதிர் சன்னல் இரண்டையும் திறக்கிறீர்களா என்று பாருங்கள். எங்கள் மச்சில் ஒரு சன்னலை பீரோவால் மறைத்து வைத்திருந்தோம், நகர்த்தினோம், ஆடி பிறந்ததிலிருந்து அங்கே ஃபேன் போடவில்லை.

22 செப்டம்பர் 2024

ஒருவர் இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டார். நான் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி எங்கள் தெருமுனை வரை வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டில் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று, நல்ல நிலையில்தான் இருந்தது. குளிர்தான், ஆனால் தண்ணீர் தேங்கி ராத்திரி கொசு, ஃபேன் இல்லாமல் ஆச்சி கண் மூட முடியாது. ஃபேன் மூன்றும் டியூப் இரண்டும் போட்டோம், நாலு மணி நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டது. விடிய இன்னும் ஐந்து மணி நேரம். அம்மா முறம் வைத்து வீசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி, காகிதத்தில் 1800 வாட் மணி. கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். பழைய சாமான்கள் 330 வாட் இழுத்தன. அதே மூன்று ஃபேனும் பிஎல்டிசியாக, லைட் எல்ஈடியாக இருந்தால் 130 வாட், ஒன்பது மணி நேரம் தாங்கும். மாசியில் ஃபேன் வாங்கியதே அந்த ராத்திரியை நினைத்துத்தான். பில் கணக்கு அப்புறம் வந்தது.

சுரண்டை அண்ணாச்சி, உங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தால், ராத்திரி எல்லாரும் படுக்கும் அறைக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். பில் கணக்கில் அது தேறாது என்று நானே ஏப்ரலில் எழுதினேன், இப்போதும் தேறாதுதான். கரண்ட் இல்லாத ராத்திரிக்காக வாங்கச் சொல்கிறேன்.

23 செப்டம்பர் 2024

பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்காதீர்கள், எழுத விட்டுப்போனது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவிட்சுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உறுமும், போர்டும் கெட்டுப்போகும். சுவரில் திருகும் குமிழோடு வரும் வகையும் இருக்கிறது. ரிமோட் பழகாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் ரிமோட்டைக் கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம், கூட்டும் பொத்தானில் ஆச்சி விரலால் தடவித் தெரிந்துகொள்ளும்படி ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது, குறைக்கும் பொத்தானில் ஒன்றும் இல்லை.

13 அக்டோபர் 2024

சரஸ்வதி பூஜைக்கு ஃபேன் எல்லாம் துடைத்தோம். ஆச்சி அறை ஃபேன் ஏழு மாதத்தில் ஓரம் கருத்துவிட்டது. துடைப்பதற்கு முன்னால் அளந்தேன்: 37 விநாடி. துடைத்த பிறகும் 37. வாட் மாறவில்லை. ஆனால் கட்டிலில் படுத்திருந்த ஆச்சி போட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏல, ஒண்ணு கொறை" என்றார்கள். ரிமோட் அவர்கள் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் குறைத்தேன்.